வாங்கிக் கொடுத்தார்களா, கட்டினார்களா? இடைக்கால இஸ்லாமிய உலகின் கணக்கும் கட்டடமும்

பிப்ரவரி 4, இழையைத் தொடங்கிய வாசகர்

"இடைக்கால இஸ்லாமிய நாகரிகத்தின் பொற்காலம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை கிரேக்கத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த அறிவை அரபியில் எழுதி வைத்தார்கள், பிறகு ஐரோப்பாவிடம் கொடுத்தார்கள். தபால்காரர் வேலை. கட்டடங்கள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது கைவேலை. அறிவியல் எங்கே? மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்."

பிப்ரவரி 4, இரவு

இருக்கிறது. நிறைய இருக்கிறது. இப்போதைக்கு ஒரே ஒரு ஆளை மட்டும் சொல்கிறேன்: ஜம்ஷித் அல்-காஷி. ஈரானின் காஷான் ஊர்க்காரர். 1406-ல் அங்கே ஒரு சந்திர கிரகணத்தைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். பிற்பாடு இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள சமர்கந்து போய், அந்த ஊரை ஆண்ட, தைமூரின் பேரன் உலுக் பெக்கிடம் வேலைக்குச் சேர்ந்தார். 1429-ல் அங்கேயே இறந்தார்.

1424-ல் இவர் பை (π, வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்) மதிப்பைக் கணக்கிட்டார். தசமத்தில் எழுதினால் 16 இடங்கள் சரி. ஐரோப்பாவில் அதைத் தாண்டிப் போக 1596 ஆனது. யாரிடமிருந்து வாங்கி யாருக்குக் கொடுத்த தபால் இது?

பிப்ரவரி 5, காலை

நேற்று அவசரமாக எழுதியதில் முக்கியமான ஒன்று விட்டுப்போனது. எண்ணிக்கையைவிட அவர் எப்படி ஆரம்பித்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பலகோண முறை ஆர்க்கிமிடீஸ் காலத்திலேயே உண்டு. வட்டத்துக்குள் ஒரு பலகோணம், வெளியே ஒரு பலகோணம், பக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் இரண்டுக்கும் நடுவில் வட்டம் மாட்டிக்கொள்ளும். அல்-காஷியும் அதைத்தான் செய்தார். ஆனால் முதல் வரியிலேயே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டார். பூமியைப் போல ஆறு லட்சம் மடங்கு விட்டமுள்ள ஒரு வட்டம் இருந்தால், அதன் சுற்றளவில் வரும் பிழை ஒரு குதிரை முடியின் தடிமனைக்கூடத் தொடக் கூடாது. அவ்வளவு பெரிய வட்டத்தில் பிழை இல்லையென்றால், இந்தப் பிரபஞ்சத்தில் எந்த வட்டத்துக்கும் பிழை வராது என்பது அவர் எண்ணம்.

அப்புறம்தான் அந்த நிபந்தனைக்கு எத்தனை பக்கங்கள் வேண்டும் என்று பார்த்தார். 80,53,06,368 பக்கங்கள். 3-ஐ 2-ஆல் 28 முறை பெருக்கினால் வரும் எண் இது. ஒவ்வொரு படியிலும் வர்க்கமூலம் எடுக்க வேண்டும், எத்தனை இலக்கம் வைத்தால் கடைசியில் பிழை சேராது என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். அவர் அதைச் செய்திருக்கிறார். எவ்வளவு பிழையைத் தாங்கலாம் என்று முதலில் சொல்லிவிட்டு, அதற்கேற்ப வேலையை அமைப்பது இன்றைய பொறியியல் பழக்கம். 1424-ல் காகிதமும் மையும் வைத்துக்கொண்டு ஒருவர் அதைச் செய்தார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

பிப்ரவரி 5, மாலை

"நம்ம கேரளத்து மாதவர் அதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாரே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மைதான். சங்கமகிராம மாதவர் 1400-ஐ ஒட்டிய காலத்தில் பையின் மதிப்பை 11 தசம இடங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அவர் முறை வேறு, முடிவில்லாத தொடர். வழியாகப் பார்த்தால் அது இன்னும் ஆழமானது என்றே நினைக்கிறேன். ஒருவரைப் புகழ இன்னொருவரைத் தாழ்த்த வேண்டியதில்லை. ஏறக்குறைய ஒரே காலத்தில் கேரளத்திலும் சமர்கந்திலும் இரண்டு பேர் வேறு வேறு பாதையில் ஒரே எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது போதும்.

பிப்ரவரி 7

கட்டடம் வெறும் கைவேலை என்ற பகுதிக்கு வருகிறேன். என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்ததே அதுதான்.

நான் பல வருடங்களாகக் கட்டட ஒப்பந்தங்களில் அளவெடுத்து பில் போடும் வேலை பார்க்கிறேன். எம் புக் என்ற அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், உயரம் எழுதி, பெருக்கி, அதற்குப் பணம். சுவர், தரை, கூரை என்றால் தொந்தரவே இல்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் நடுக்கூடத்துக்கு மேலே குவிமாடம் வைத்து, உள்பக்கம் அடுக்கடுக்காகத் தாமரை இதழ் வேலை செய்யச் சொன்னார்கள். வேலை பிரமாதமாக வந்தது. பில் போடும்போதுதான் சண்டை. கீழே தரை எவ்வளவு சதுர அடியோ அவ்வளவுக்குத்தான் பூச்சுக் கூலி என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கொத்தனார் சாரத்திலிருந்து இறங்கி வந்து என்னிடம் கேட்டார்: "சார், தரையை அளந்துட்டு எனக்குக் கூரைக்குக் காசு குடுக்குறீங்களே, இது என்ன கணக்கு?" ஒவ்வொரு இதழும் வளைந்து உள்ளே போய் வெளியே வருகிறது. அவர் கரணை ஓடிய பரப்பு தரையைப் போல எத்தனையோ மடங்கு. அதை எப்படி அளப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அல்-காஷி சொல்லித் தந்திருக்கிறார். இந்தக் கேள்விக்கே.

1427-ல் அவர் எழுதி முடித்து உலுக் பெக்குக்குச் சமர்ப்பித்த நூல் 'மிஃப்தாஹ் அல்-ஹிசாப்'. கணக்கின் திறவுகோல். ஐந்து பகுதிகள்: முழு எண்கள், பின்னங்கள், வானியலாளர்கள் கணக்குப் போடும் அறுபதடிமான முறை, அளவை, இயற்கணிதம். நான்காவது பகுதியின் கடைசியில் கட்டடங்களை அளப்பதற்கென்றே ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. வில் வளைவு, குவிமாடம், முகர்னாஸ். பைக்கு 16 இடம் போட்ட அதே ஆள், மூன்று வருடம் கழித்து உட்கார்ந்து, பூச்சுவேலைப் பரப்பை எப்படிக் கணக்கிடுவது என்று எழுதியிருக்கிறார்.

பிப்ரவரி 8

முகர்னாஸ் என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

மசூதி வாசல் வளைவின் உள்பக்கத்திலோ குவிமாடத்தின் உள்ளேயோ அண்ணாந்து பார்த்தால், சின்னச் சின்ன மாடங்கள் அடுக்கடுக்காக ஒன்றின்மேல் ஒன்று முன்னால் துருத்திக்கொண்டு மேலே ஏறிப் போகும். அதுதான். கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனையில் இரு சகோதரிகள் மண்டபத்தின் கூரையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளால் ஆன கூரை அது. முழுக்கச் சுதை. கீழே வரிசையாக உள்ள சன்னல்கள் வழியே வெளிச்சம் நகர நகர, கூரையின் நிழல்களும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

சிரியாவிலும் எகிப்திலும் கல்லிலேயே செதுக்கி அடுக்கியிருக்கிறார்கள். ஈரானிலும் ஸ்பெயினிலும் பெரும்பாலும் சுதையோ செங்கலோ மரமோ. பல இடங்களில் அது பாரம் எதையும் தாங்குவதில்லை, உண்மையான குவிமாடத்துக்குக் கீழே தொங்குகிற உள்கூரை மட்டுமே.

எவ்வளவு சிக்கலாகத் தெரிந்தாலும் இதைத் தரைப்படமாகத் தட்டையாக வரைந்துவிடலாம். சதுரம், சாய்சதுரம், அவற்றின் பாதிகள், வாதாம் பருப்பு வடிவம் என்று கொஞ்சம் வடிவங்கள்தான். அவற்றைச் சேர்த்து வைப்பதில்தான் எல்லா வித்தையும். ஈரானில் தக்த்-இ சுலைமான் என்ற இடத்தில், 1270-களில் மங்கோலிய மன்னன் அபகா கட்டிய அரண்மனையின் இடிபாடுகளில், ஜெர்மன் அகழ்வாராய்ச்சியாளர்கள் ஒரு சுதைப் பலகையை எடுத்தார்கள். ஏறக்குறைய அரை மீட்டர் சதுரம். அதன்மேல் ஒரு முகர்னாஸின் கால்பகுதித் தரைப்படம் கீறப்பட்டிருக்கிறது. வேலை நடக்கும் இடத்திலேயே கொத்தர்கள் பார்த்துச் செய்வதற்கான வரைபடம். நமக்குக் கிடைத்திருக்கிற முகர்னாஸ் வரைபடங்களில் அதுதான் பழையது.

பிப்ரவரி 8, இரவு

அல்-காஷி முகர்னாஸை நான்கு வகையாகப் பிரிக்கிறார். எளியது, மண்பூச்சு உள்ளது, வளைவு உள்ளது, ஷிராசி. முதல் இரண்டிலும் தட்டையான முகங்கள், பின்னிரண்டிலும் வளைந்த முகங்கள். ஷிராசியில் நட்சத்திரம், ஐங்கோணம் என்று வடிவங்கள் பெருகிவிடும்.

அளக்க ஓர் அலகு வேண்டும் அல்லவா? முழமோ கெஜமோ வைத்து ஆரம்பிக்காமல், அந்தக் கூரையிலேயே உள்ள மிகப் பெரிய மாடத்தின் அடி அகலத்தை அலகாக வைத்துக்கொள்கிறார். அதன் பெயர் மிக்யாஸ். மற்ற துண்டுகள் எல்லாம் அதற்கு இத்தனை விகிதம் என்று வரும். ஆக, கூரை சின்னதானாலும் பெரியதானாலும் ஒரே சூத்திரம் செல்லும்.

வளைந்த முகத்துக்கு என்ன செய்வது? இங்கேதான் அவர் கொத்தர்களிடம் போகிறார். அவர்கள் அந்த வளைவை எப்படி வரைகிறார்களோ அதை அப்படியே எடுத்துக்கொள்கிறார். அகலம் ஒரு மிக்யாஸ், உயரம் இரண்டு மிக்யாஸ் என்று ஒரு செவ்வகம். மூலையிலிருந்து 30 பாகையில் ஒரு கோடு. அந்தக் கோட்டை ஐந்து சமபாகமாகப் பிரித்து, அதிலிருந்து வில்லுக்கான மையத்தைப் பிடித்து வளைவு இழுக்கிறார்கள். இது தளத்தில் வேலை செய்பவர்கள் கையாண்ட முறை என்று அவரே சொல்கிறார். அந்த வளைவின் நீளத்தை அவர் கணக்கிட்டு, ஒரு பெருக்கு எண்ணாகக் கொடுத்துவிடுகிறார். அடுக்கு அடுக்காக மாடங்களின் அடி விளிம்புகளை மிக்யாஸில் அளந்து கூட்டு, அந்த எண்ணால் பெருக்கு, தட்டையான மேல்துண்டுகளைச் சேர். பரப்பு வந்துவிட்டது.

பெருக்கலும் கூட்டலும் தெரிந்த எந்தக் கணக்கப்பிள்ளையும் இதைச் செய்யலாம். கோண அளவியல் அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பாரத்தை ஆசிரியர் தானே சுமந்துவிட்டார். வில் வளைவுகளுக்கும் அப்படித்தான். முகப்பு வளைவு வரைய ஐந்து முறைகளைச் சொல்லி, பெருக்கு எண்களை அட்டவணையாகத் தந்திருக்கிறார்.

எனக்கு அந்தக் கொத்தனார் ஞாபகம் வந்தது. அவர் கேட்ட கேள்வியை ஒரு மகா கணிதர் மதித்து, விடை எழுதி வைத்திருக்கிறார். இதைக் கைவேலை என்று ஒரு பக்கமும் அறிவியல் என்று ஒரு பக்கமும் எப்படிப் பிரிப்பீர்கள்?

பிப்ரவரி 10

"அல்-காஷி ஒருவர் விதிவிலக்கு" என்று இழையைத் தொடங்கியவர் எழுதியிருக்கிறார். நியாயமான சந்தேகம். அப்படியானால் 400 வருடங்களுக்கும் மேல் பின்னால் போவோம், பாக்தாதுக்கு.

அபுல் வஃபா அல்-பூஸ்ஜானி, 940-ல் பிறந்தவர், 998-ல் இறந்தார். பெரிய வானியலாளர். கைவினைஞர்களுக்கு வேண்டிய வடிவியல் என்று தனியாக ஒரு நூல் எழுதினார். அதில் கணிதர்களும் கைவினைஞர்களும் சேர்ந்து உட்கார்ந்த சில கூட்டங்களுக்குத் தானும் போயிருந்ததாகச் சொல்கிறார். அங்கே வந்த ஒரு கேள்வி: ஒரே அளவுள்ள மூன்று சதுரங்களை வெட்டி, ஒரே சதுரமாகச் சேர்ப்பது எப்படி?

கணிதர்கள், புதிய சதுரத்தின் பக்கம் எவ்வளவு என்று சட்டென்று கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். கைவினைஞர்களுக்குத் திருப்தி இல்லை. அவர்கள் கையில் இருப்பது ஓடு. அதை எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்று தெரிய வேண்டும். மறுபக்கம் கைவினைஞர்கள் தங்களுக்குள் வைத்திருந்த சில முறைகள் கண்ணுக்குச் சதுரம் போலத் தெரியும், நிரூபிக்கப் போனால் தவறாக இருக்கும். பூஸ்ஜானி இரண்டு தரப்பையும் கண்டிக்கிறார். ஒருவருக்கு வெட்டத் தெரியாது, இன்னொருவருக்கு நிரூபணம் தெரியாது.

அவர் தந்த விடையை நான் அட்டையில் வெட்டிப் பார்த்தேன். இரண்டு சதுரங்களைக் குறுக்கே மூலைவிட்டத்தில் வெட்டினால் நான்கு முக்கோணங்கள். மூன்றாவது சதுரத்தை நடுவில் வையுங்கள். அதன் ஒவ்வொரு பக்கத்தோடும் ஒரு முக்கோணத்தின் நீளப் பக்கத்தை ஒட்டி வையுங்கள், ஒரு மூலையில் ஆரம்பித்து மறு மூலையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும்படி. நான்கும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். இப்போது நான்கு முக்கோணங்களின் செங்கோண முனைகளையும் நூல் பிடித்துச் சேருங்கள். நூலுக்கு வெளியே நான்கு சின்னத் துண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும், உள்ளே நான்கு சின்ன இடைவெளிகள் இருக்கும். வெளியே நிற்பதை வெட்டி உள்ளே வைத்தால் அச்சாகப் பொருந்துகிறது. கொஞ்சமும் மிச்சம் இல்லை.

செய்து பார்க்காமல் இதன் சுகம் தெரியாது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை போதும்.

பிப்ரவரி 11

செய்து பார்த்துப் படம் போட்ட கோவை நண்பருக்கு நன்றி. உங்கள் ஒரு முக்கோணம் எதிர்த்திசையில் திரும்பியிருக்கிறது. அதனால்தான் பொருந்தவில்லை.

பிப்ரவரி 13

ஒருவர் உற்சாகமாக, "இஸ்ஃபஹானில் 15-ஆம் நூற்றாண்டிலேயே குவாசிகிரிஸ்டல் கண்டுபிடித்துவிட்டார்கள், நவீன விஞ்ஞானம் 500 வருடம் பின்தங்கியது" என்று எழுதியிருக்கிறார். இந்த நாகரிகத்தை நேசிப்பவன் என்ற முறையிலேயே இதை மறுக்கிறேன்.

2007-ல் பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பத்துக்கோணம், ஐங்கோணம், நீள் அறுகோணம், வில்முடிச்சு, சாய்சதுரம் என்ற ஐந்து ஓட்டு வடிவங்கள். ஒவ்வொன்றின் மேலும் கோடுகள் வரையப்பட்டிருக்கும். ஓடுகளைச் சேர்த்தால் கோடுகள் இணைந்து நட்சத்திரப் பின்னலாகிவிடும். இஸ்ஃபஹானில் 1453-ல் எழுந்த தர்ப்-இ இமாம் கல்லறை மண்டபத்தில், இந்த வடிவங்களில் சிலவற்றால் ஆன பெரிய ஓட்டு அமைப்புக்குள்ளேயே அதே வடிவங்களின் சிறிய அமைப்பு நிரப்பப்பட்டிருக்கிறது என்று காட்டினார்கள். அது 1970-களில் ரோஜர் பென்ரோஸ் கண்ட, ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வராத ஓட்டு அமைப்புக்கு மிக நெருக்கமாக வருகிறது.

இவ்வளவும் சரி. ஆனால் எல்லையில்லாத தளத்தை இப்படி நிரப்ப முடியும், அது ஒருபோதும் திரும்ப வராது என்று அந்தக் கலைஞர்கள் நிரூபித்ததற்குச் சான்று கிடையாது. குவாசிகிரிஸ்டல் என்பது 1982-ல் டேன் ஷெக்ட்மன் ஓர் உலோகக் கலவையில் கண்ட, ஒழுங்காக இருந்தும் ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வராத அணு அமைப்பு. அது வேறு விஷயம். சுவரில் உள்ளதே போதுமான அளவு பெரிது. பொய்யான மகுடம் வைத்தால், நாளைக்கு ஒருவர் வந்து அதைத் தட்டிவிடும்போது உண்மையும் சேர்ந்து விழும்.

பிப்ரவரி 16

சமர்கந்து போயிருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். போயிருக்கிறேன்.

ரெஜிஸ்தான் சதுக்கத்தில் உலுக் பெக்கின் மதரசா இருக்கிறது, 1417 முதல் 1420 வரை கட்டியது. முகப்பு முழுக்க நட்சத்திரங்கள். எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், நானும் எடுத்தேன். ஆனால் என்னை நகரவிடாமல் பிடித்தது ஊர் ஓரத்து மேட்டில் இருக்கிற வானோக்ககத்தின் மிச்சம். மேலே கட்டடம் எதுவும் இல்லை. 1908-ல் வியாத்கின் என்ற ஆய்வாளர் தோண்டியெடுத்த பள்ளம் மட்டும், மேலே கூரை போட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள்.

எட்டிப் பார்த்தால் மண்ணுக்குள் வளைந்து இறங்கும் இரண்டு இணையான தண்டவாளங்கள், பளிங்குக் கல் பதித்தவை. நடுவில் படிகள். பளிங்கில் பாகைகள் வெட்டியிருக்கிறது. ஏறக்குறைய 40 மீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்தின் பகுதி அது. கீழ்ப்பகுதி பாறையைக் குடைந்து, மேல்பகுதி கட்டடமாக எழுப்பி, வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. சூரியன் உச்சிக்கு வரும்போது மேலே உள்ள துளை வழியாக ஒளி விழும். அது விழும் இடத்தை அளந்து எழுதுவார்கள்.

ஏன் அவ்வளவு பெரிது? 40 மீட்டர் ஆரத்தில் ஒரு பாகை என்பது சுமார் 70 சென்டிமீட்டர். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கூட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வரும், வெறும் கண்ணால் பார்க்கலாம். தொலைநோக்கி வராத காலத்தில் துல்லியம் வேண்டுமென்றால் கருவியைக் கட்டடமாகவே கட்ட வேண்டும். அந்தப் பளிங்கு வளைவைப் பார்க்கும்போது என் தொழில் புத்தி, இதற்கு மட்டம் எப்படிப் பிடித்திருப்பார்கள் என்றே கேட்டுக்கொண்டிருந்தது. வளைவில் ஒரு நூல் பிசகினாலும் கணக்கு முழுவதும் போச்சு. அதைச் செய்த கொத்தர்களின் பெயர் எங்கும் இல்லை.

அங்கிருந்து வந்த அட்டவணையில் 1018 விண்மீன்கள் இருந்தன. விண்மீன்களை வைத்து அவர்கள் சொன்ன ஆண்டின் நீளம் 365 நாள், 6 மணி, 10 நிமிடம், 8 வினாடி. இன்றைய மதிப்போடு வித்தியாசம் ஒரு நிமிடம்கூட இல்லை.

பிப்ரவரி 16, பின்னிரவு

அல்-காஷி சமர்கந்திலிருந்து தன் அப்பாவுக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. அதைப் படித்தால் அந்த ஊரின் சூடு தெரியும். கணிதம் படிக்க ஆரம்பித்த மாணவர்கள் மட்டும் சுமார் 500 பேர் என்கிறார். உலுக் பெக் குதிரையில் போய்க்கொண்டே சூரியனின் நிலையை மனக்கணக்காகச் சொன்னதைப் பெருமையோடு எழுதுகிறார். மன்னன் முன்னாலேயே விவாதம் நடக்கிறது, புரியாமல் தலையாட்டினால் மன்னன் விடுவதில்லை. வேலை கிடைத்த ஊர் எப்படி இருக்கிறது, கூட வேலை பார்ப்பவர்களில் யாருக்கு விஷயம் தெரியும், யாருக்குத் தெரியாது என்று ஒரு மகன் அப்பாவிடம் சொல்வதுதான் முழுக் கடிதமும்.

பிப்ரவரி 19

இரண்டு நாளாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இதுவரை எழுதியதில் சமர்கந்து ஏதோ அறிவாளிகள் தாமாக வந்து கூடிய ஊர் போலத் தெரிகிறது. உலுக் பெக் காலத்துக்கு அது பொருந்தும். தாத்தா தைமூர் காலத்துக்குப் பொருந்தாது.

தைமூர் தான் பிடித்த ஊர்களிலிருந்து கைவினைஞர்களைக் கட்டாயமாகக் கொண்டுபோனார். 1387-ல் இஸ்ஃபஹானில் பெரும் படுகொலை நடந்தது. 1398-ல் டெல்லி. அங்கே கொள்ளையடித்த கையோடு கல்தச்சர்களைத் தனியாகப் பிரித்து சமர்கந்துக்கு அனுப்பினார். பீபி கானும் மசூதி 1399-ல் ஆரம்பித்தது. கல் இழுக்க இந்தியாவிலிருந்து போன யானைகளே 95 என்று அக்கால வரலாறு சொல்கிறது. அவசரத்திலும் பிரம்மாண்டத்திலும் கட்டிய அந்த மசூதி சீக்கிரமே விரிசல் விட ஆரம்பித்தது.

அந்த நீலக் குவிமாடத்தைப் பார்த்து மனம் நிறைந்தபோது, அதைக் கட்டியவர்களில் எத்தனை பேர் திரும்ப வீட்டுக்குப் போனார்கள் என்ற கேள்வியும் வந்தது. சாதனை என்று எழுதும்போது இதையும் எழுதத்தான் வேண்டும். தஞ்சாவூரைப் பற்றி எழுதினாலும் ரோமைப் பற்றி எழுதினாலும் எனக்கு இதே நிலைதான். கட்டடத்தின் மேன்மை குறைந்துவிடாது, ஆனால் கூலி யாருக்குக் கிடைத்தது என்று கேட்காமல் என்னால் பார்க்க முடிவதில்லை. கூலியைச் சரியாகக் கணக்கிட ஓர் அத்தியாயம் எழுதிய அல்-காஷி என்னை இவ்வளவு தொட்டதும் அதனால்தான்.

பிப்ரவரி 20

சைன் 1 பாகையின் மதிப்பை அல்-காஷி எப்படிக் கண்டார் என்று கேட்ட மாணவருக்குச் சுருக்கமாக. சைன் 3 பாகையை வடிவியல் மூலம் வேண்டிய துல்லியத்துக்குக் கண்டுபிடிக்கலாம். அதிலிருந்து ஒரு பாகைக்குப் போக முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். அல்-காஷி ஒரு தோராய விடையைச் சமன்பாட்டுக்குள் போட்டார், கொஞ்சம் மேலான விடை வந்தது, அதைத் திரும்பப் போட்டார். ஒவ்வொரு சுற்றிலும் இலக்கங்கள் சரியாகிக்கொண்டே வரும். இன்று நிரல் எழுதுபவர்கள் தினமும் செய்கிற வேலை இது.

பிப்ரவரி 23

இழையைத் தொடங்கியவர் மறுபடியும்: "சரி, தபால்காரர் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் 1258-ல் மங்கோலியர்கள் பாக்தாதை அழித்ததோடு எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்களே?"

பாக்தாதின் அழிவு பெரிய அழிவுதான். ஆனால் இந்த இழையில் நாம் பேசியவற்றின் தேதிகளைப் பாருங்கள். பூஸ்ஜானியைத் தவிர மற்ற எல்லாமே 1258-க்குப் பிறகு. பாக்தாதை அழித்த அதே மங்கோலிய மன்னன் ஹுலாகுவைக் கொண்டு, அடுத்த ஆண்டே ஈரானின் மராகாவில் ஒரு வானோக்ககம் கட்ட வைத்தார் வானியலாளர் நசீருதீன் தூசி. பழங்கால கிரேக்க வானியலாளர் டாலமியின் கோள் மாதிரியில் உள்ள ஒரு குறையைத் தீர்க்க, ஒரு வட்டத்துக்குள் அதில் பாதி அளவு வட்டத்தை உருட்டி நேர்கோட்டு இயக்கத்தை உண்டாக்கும் வழியை அவர் கண்டார். அதே உத்தி 1543-ல் கோப்பர்நிக்கஸின் நூலிலும் இருக்கிறது. அல்ஹம்ப்ராவின் அந்தக் கூரை 14-ஆம் நூற்றாண்டு. அல்-காஷி 15.

எப்போது, ஏன் தளர்ந்தது என்பதற்கு எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. சமர்கந்துக்கு மட்டும் நேரடியான பதில் உண்டு. 1449-ல் உலுக் பெக்கை அவர் மகன் அப்துல் லத்தீஃபே கொல்ல வைத்தான். வானோக்ககத்தைக் காக்க ஆள் இல்லாமல் போனது. அங்கே வேலை பார்த்த அலி குஷ்ஜி பிற்பாடு இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தார். சமர்கந்து அட்டவணைகள் 1665-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அச்சாயின. 18-ஆம் நூற்றாண்டில் ஜெய்ப்பூர் மன்னர் ஜெய்சிங், உலுக் பெக்கை முன்மாதிரியாக வைத்துத்தான் டெல்லியிலும் ஜெய்ப்பூரிலும் அந்தப் பெரிய கற்கருவிகளைக் கட்டினார். சமர்கந்து போக முடியாதவர்கள் ஜந்தர் மந்தர் போகலாம், கருவியைக் கட்டடமாகக் கட்டினால் எப்படி இருக்கும் என்று அங்கேயும் தெரியும்.

பிப்ரவரி 24

அந்தக் கொத்தனாரின் பில் என்ன ஆனது என்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஓர் இதழை எடுத்துக்கொண்டு, வளைவின் மேலே நூல் வைத்து அளந்தோம். அதை ஓர் இதழின் பரப்பாக்கி, ஒவ்வொரு அடுக்கிலும் எத்தனை இதழ் என்று எண்ணி, அடுக்குக்கு அடுக்கு அளவு குறைவதைக் கழித்து, எம் புக்கில் தனிப் பக்கமாக எழுதினேன். அப்போது எனக்கு அல்-காஷியைத் தெரியாது. கேட்டதில் பாதிக்கு மேல் கிடைத்தது, முழுதாகக் கிடைக்கவில்லை. அதே மாதிரி வேலை வைத்திருப்பவர்கள், பூச்சு ஆரம்பிக்கும் முன்பே ஓர் இதழுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். சாரம் பிரித்த பிறகு மேலே ஏறி அளக்க யாரும் வர மாட்டார்கள்.